வெள்ளை நாடா வரிசைக்கு ஊற்றிய தண்ணீர்

பண்ணையில் அவளைப் பூவாளியக்கா என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வாசலில் நிற்கிற வாட்ச்மேனே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார். குழாய் மூக்கின் நுனியில் சல்லடைத் தலை வைத்து, மழை மாதிரி தண்ணீர் தூவுகிற அந்தத் தகரப் பூவாளி இல்லாமல் அவளை ஒருவரும் பார்த்தது கிடையாது.

"ஏங்க பூவாளியக்கா, வீட்டுக்குப் போனா அதையும் பக்கத்துலயே படுக்க வச்சுக்குவீங்களா?" என்பார் வாட்ச்மேன். அவருக்குத் தலை வழுக்கை.

"உங்க தலையில ஒரு நாள் கவுத்துப் பாக்கறேன். ரெண்டு முடியாவது முளைக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்" என்பாள் அவள், நடையை நிறுத்தாமலே.

அவள் வீட்டுக்கு மூத்தவள். அவளுக்கு அடுத்துப் பிறந்த தங்கை பேச்சு வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்கப்புறம் வந்தவன் தம்பி. அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விட, தம்பியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தாள். அம்மாவுக்கு நேர் மூத்தவள், இவளுக்குப் பெரியம்மா, வாய் கொஞ்சம் நீளம். "இந்தப் பொண்ணுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சே போச்சு, நாளைக்கு மாப்பிள்ளை வந்தா நேரா நிக்கச் சொல்லுங்க" என்று கேலி பண்ணுவாள். மாப்பிள்ளை வந்தார், லாரி மெக்கானிக். சாய்ந்த இடுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர். பிள்ளை இல்லை என்பதையும் ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. தண்ணீரை அளந்துதான் தரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். வெயில் காலம் வேறு. "நாக்கை மட்டும் நனைச்சுக்கிறேன்டி" என்று கெஞ்சுவார். இவள் கொடுக்க மாட்டாள். குழாய்ச் சத்தம் காதில் விழுந்தால் அவருக்கு ஆசை கிளம்புமே என்று பாத்திரத்தையெல்லாம் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினாள். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு தரவில்லை. ஆனாலும் அவர் போய்விட்டார். டாக்டர் சொன்னபடிதான் நடந்தாள், யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அன்றிலிருந்து ஒரு முழு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வராது. பாதியில் நிறுத்திவிடுவாள்.

அதற்கப்புறம்தான் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். யார் யார் செடிகளுக்கோ ஊற்றிக்கொண்டிருந்தவளை, ஒரு கட்டத்தில் கண்ணாடி வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பெண் தக்காளியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, நின்றுகொண்டே சாப்பிடுகிற வழக்கம். எப்போது பார்த்தாலும் தண்ணீரில் உப்பைக் கலக்கிக்கொண்டிருப்பதால் பண்ணையில் அவளுக்கு உப்பு டாக்டர் என்று பெயர். இவள் மட்டும் மரியாதையாக டாக்டரம்மா என்பாள்.

முதல் நாள் உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னபோது இவளுக்குக் கை வரவில்லை. "தெரிஞ்சே எதுக்கும்மா ஊத்தணும்?" என்று கேட்டேவிட்டாள்.

டாக்டரம்மா சிரித்தாள். "மண்ணுல உப்பு ஏறினா முதல்ல தெரியறது வேருக்குத்தான் அக்கா. வேர் சும்மா இருக்காது. ஒரு ஹார்மோனை மேல அனுப்பும். அது இலைக்குப் போய், தண்ணி வர்றது கஷ்டம், கதவைச் சாத்துங்கன்னு சொல்லும். இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் இருக்கு. அதை மூடிக்கும். உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாது."

"அப்போ அதுவே சமாளிச்சுக்குது. நாம எதுக்கு நடுவுல?"

"கொஞ்ச நாள் சமாளிக்கும். வாயை மூடிட்டே இருந்தா சாப்பாடு எப்படி இறங்கும்? வளராது. உப்பு இன்னும் ஏறினா வேறொரு ஹார்மோன் கிளம்பி, இலையை உதிர்த்துடுன்னு சொல்லிடும். அதுக்கு முன்னாடியே நாம ஒரு ஹார்மோனைத் துளியூண்டு தண்ணியில கலந்து இலையில தெளிச்சுட்டா, செடி உஷாராயிடும். உப்பைக் கீழயே தடுத்து நிறுத்தப் பாக்கும். எதைத் தெளிக்கணும், எவ்வளவு, எப்போ, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு."

"வேண்டாத விருந்தாளி வர்றாங்கன்னு முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்ற மாதிரி."

"அதேதான்!"

"எங்க நாத்தனார் வரும்போது அப்படி யாராவது சொல்லியிருந்தா நானும் கதவைச் சாத்தியிருப்பேன்."

இப்படித்தான் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சிநேகத்தில்தான் தம்பியைப் பற்றிச் சொன்னாள். தம்பிக்குக் கடலோரமாகக் கொஞ்சம் நிலம். நல்லாயிருந்த கிணறு வருஷத்துக்கு வருஷம் கரித்துக்கொண்டே வந்து, தக்காளி இலையெல்லாம் ஓரம் தீய்ந்து, காய் கோலிக்குண்டு அளவில் நின்று அடிப்பக்கம் கறுத்துப் போனது. டாக்டரம்மா அவனை வரச்சொன்னாள். அவன் ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பையில் மண்ணுமாக வந்து, கண்ணாடி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். உப்பை அளக்கிற கருவியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இதுல தக்காளி நிக்கறதே பெரிசு" என்றாள். "இந்தத் தடவை இங்க தேறிடுச்சுன்னா, வெளியில முதல்ல உங்க தோட்டத்துலதான் தெளிக்கிறேன்" என்றும் சொன்னாள். தம்பி முகம் மலர்ந்ததைப் பார்த்து இவளுக்கு, அவனுக்கு முதல் பல் முளைத்த நாள் ஞாபகம் வந்தது.

சோதனை ஆரம்பித்தது. தொட்டிகளை மூன்று வரிசையாக வைத்தார்கள். பச்சை நாடா கட்டிய வரிசைக்கு நல்ல தண்ணீர். நீல நாடாவுக்கு உப்புத் தண்ணீர், இலையில் மருந்து. வெள்ளை நாடாவுக்கும் அதே உப்புத் தண்ணீர்தான். இலையில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரைத் தெளிப்பார்கள்.

கொஞ்ச நாளிலேயே வெள்ளை வரிசை தொங்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம் நிமிரும், வெயில் ஏற ஏறக் கழுத்தைப் போட்டுவிடும். அடி இலை மஞ்சளாகி ஓரம் சுருண்டது. அந்த வரிசைக்கு வரும்போது இவளுக்குப் பூவாளி கனத்தது. பச்சைக்கு நல்ல தண்ணீர் இருக்கிறது, நீலத்துக்கு மருந்து இருக்கிறது, இதுகளுக்கு யார் இருக்கிறார்கள்? மருந்து போதவில்லை போல, அதனால்தான் இதுகளை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை மருந்து குடித்த செடியில் பார்ப்பார்கள், மருந்தே குடிக்காத செடியை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? அவள் புத்திக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மத்தியானம் டாக்டரம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து, குழாயில் நல்ல தண்ணீரைப் பிடித்து வெள்ளை வரிசைக்கு ஊற்றினாள். தொட்டிக்கு அடியில் இருக்கிற துளை வழியாக வடிகிற வரைக்கும் ஊற்றினாள். அந்தத் தண்ணீரோடு மண்ணில் இருந்த உப்பும் வடிந்துகொண்டிருந்தது. "குடிங்க, குடிங்க. யாரும் பாக்கலை" என்றாள், கைப்பிள்ளைக்கு ஊட்டுகிற குரலில். மறுநாள் போய்ப் பார்த்தால் செடிகள் தலை தூக்கியிருந்தன. அவளுக்கு அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது. அதற்கப்புறம் தினமும் ஊற்றினாள். எடைபோடுகிறவரைக்கும் கண்ணால் பார்த்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கொள்கை, அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

செடிகளைப் பிடுங்கி எடைபோடுகிற நாள் வந்தது. டாக்டரம்மா வேரைக் கழுவி, இலையைக் கிள்ளி, தராசில் வைத்து வைத்து எடுத்தாள். முதலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் வெள்ளை வரிசைக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டாள். திரும்ப ஒருமுறை எடைபோட்டாள். பண்ணையின் டைரக்டர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீலமும் வெள்ளையும் ஏறத்தாழ ஒண்ணா இருக்கேம்மா. மருந்து தெளிச்சதும் ஒண்ணு, வெறும் தண்ணி தெளிச்சதும் ஒண்ணுன்னா அப்புறம் மருந்து எதுக்கு?"

"எனக்கும் புரியலை சார்."

"புரிய என்ன இருக்கு? இது வேலைக்காகாது. மிளகாய் ஆராய்ச்சிக்காரங்க இடம் கேட்டுட்டே இருக்காங்க, காலி பண்ணிக் குடுத்துடு."

மூலையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை வாடினால்தான் நீலம் பிழைத்தது தெரியும். வெள்ளையைத் தூக்கி நிறுத்தியதில் நீலத்தைத் தான் கீழே தள்ளியிருக்கிறோம் என்று புரிந்தது. கையிலிருந்த பிரஷ் அதுபாட்டுக்கு அதே தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். டைரக்டர் போனதும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, உப்பை நான் குறைச்சுக் கலந்துட்டேனோ? டிரம்முல போடும்போது நீங்கதானே கூட இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலையேம்மா" என்றாள் இவள்.

அது ஒரு சின்ன வார்த்தைதான். தண்ணீர் ஊற்றியதாவது அறியாமல் செய்தது. இந்த வார்த்தை அறிந்தே சொன்னது. வேலை போய்விட்டால் வாடகைக்கு என்ன பண்ணுவோம், இந்த வயசில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்கிற பயம் முந்திக்கொண்டு வந்து அவள் வாயிலிருந்து பேசிவிட்டது. டாக்டரம்மா பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்து வந்த நாட்களில் அவள் தராசைச் சரிபார்த்தாள், உப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள், தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளுக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. தானாகப் போய் டீ வாங்கி வந்து கொடுத்தாள். "நீங்க ஒருத்தர்தான் அக்கா ஆறுதலா இருக்கீங்க" என்று அவள் சொன்னபோது, நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, டாக்டரம்மா பேசினாங்க. மருந்து சரிவரலையாம்."

"ம்."

"மன்னிச்சுக்குங்கன்னு அவங்க என்கிட்ட சொல்றாங்கக்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நீ என்னடா பண்ணப் போற?"

"என்ன பண்றது, சிமெண்ட் குடோன்ல மூட்டை தூக்க ஆள் கேட்டாங்க, வர்றேன்னுட்டேன். அங்கயே தங்கிக்கணும். வீட்டுக்காரியும் பிள்ளைங்களும் மாமனார் வீட்டுல இருக்கட்டும். நிலம் அதுபாட்டுக்குக் கிடக்கும்."

"அவசரப்படாதடா. இன்னும் கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கிறது? நீ வருத்தப்படாதக்கா. எனக்காக நீ எவ்வளவு பண்ணிட்ட. அந்த வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனியே, அதுவே போதும்."

 அவன் திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். இடுப்பில் வைத்து வளர்த்தவனின் வாசலைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு, அவன் வாயால் நன்றியும் வாங்கிக்கொள்கிறாள்.

மறுநாள் காலையில் கண்ணாடி வீட்டுக்குள் போனபோது டாக்டரம்மா மருந்துப் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, வெள்ளை நாடாவுக்கு நான் தண்ணி ஊத்தினேன்."

"நீங்கதானே அக்கா எல்லாத்துக்கும் ஊத்துவீங்க?"

"உப்புத் தண்ணி இல்ல. நல்ல தண்ணி. மத்தியானம் நீங்க சாப்பிடப் போறப்ப."

பாட்டில் வைத்த கை அப்படியே நின்றது. "எப்போலேர்ந்து?"

"வாட ஆரம்பிச்சதுலேர்ந்து. கடைசி வரைக்கும்."

"ஏன்?"

"பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சு" என்று அந்தப் பெண் அதையே திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"மருந்து பத்தலைன்னு அதுங்களை விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். அதுங்களையும் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

"எது எதுக்குன்னு நானும் உங்களுக்குச் சொல்லலை. அது என் தப்பு. சரி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா நான் கேட்டேனே அக்கா. உப்பைக் குறைச்சுட்டேனான்னு உங்ககிட்ட வந்து கேட்டேனே. அப்போ தெரிஞ்சிருச்சு இல்ல?"

"தெரிஞ்சிருச்சு."

"வீட்டுல குழம்புக்குப் போடற உப்பைக்கூட நான் இப்போ ரெண்டு தடவை அளக்கறேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார்."

 என்ன சொன்னாலும் அது தனக்காகப் பேசுகிற பேச்சாகத்தான் இருக்கும் என்று இவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள். அழுதால் இந்தப் பெண் தேற்ற வந்துவிடுவாள் என்று பயம்.

"டைரக்டர் சார்கிட்ட நானே சொல்றேன். நீங்க எனக்காகப் பேச வேண்டாம்" என்றாள்.

டைரக்டர் அறையில் நடந்ததை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் சத்தம் போட்டது வாசல் வரைக்கும் கேட்டது. இவள் நின்றபடி கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர் ஓய்ந்து, "சரி, திரும்பப் போடு. இந்தத் தடவை தண்ணிக்கு வேற ஆளை வை" என்றார்.

"இவங்களே ஊத்தட்டும் சார்" என்றாள் டாக்டரம்மா.

"ஏன், பட்டது போதாதா?"

"வேற யார் வந்தாலும் இதே இரக்கம் அவங்களுக்கும் வரலாம். இவங்களுக்கு இனிமே வராது."

அதில் பரிவு ஒரு துளி இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். இவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. வேலை பிழைத்ததே என்று சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

தம்பிக்கு அன்றைக்கே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.  "நீ ஊத்தாம இருந்திருந்தாத்தான்க்கா ஆச்சரியம்" என்றான். சிரித்தானா, பெருமூச்சு விட்டானா என்று தெரியவில்லை. குடோனுக்குப் போவதைத் தள்ளிப்போட்டான்.

மறுபடியும் மூன்று வரிசை. மறுபடியும் உப்புத் தண்ணீர். வெள்ளை வரிசை வாடத் தொடங்கியதும் மத்தியானத்தில் அவள் உள்ளே இருப்பதில்லை. வாசலுக்குப் போய் வாட்ச்மேன் பக்கத்தில் நிற்பாள்.

"என்னக்கா, இப்போல்லாம் நம்ம மேல ரொம்பப் பாசம்?"

"உங்க தலை கண்ணாடி மாதிரி மின்னுதே, முகம் பாத்துக்கலாம்னு வந்தேன்" என்பாள். ஆனால் குரலில் பழைய துள்ளல் இருக்காது. அவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

இலைகள் தீய்ந்தன, பூ கொட்டியது. அவள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. காலையில் உள்ளே நுழைந்ததும் கண் நேராக வெள்ளை வரிசைக்குத்தான் போகும். நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்க்கும். நன்றாக வாடியிருந்தால் மனசு லேசாகும். தம்பிக்கு நல்லது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். கடைசித் தொட்டியில் மட்டும் ஒரு செடி மற்றதைப் போலச் சாயாமல் ஒரு கிளையைப் பிடிவாதமாக நிமிர்த்தி வைத்திருந்தது. ஒருநாள் காலையில் அதைப் பார்த்து, "நீ இன்னுமா நிக்கற?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட குரல் காதில் விழுந்ததும் திடுக்கிட்டுப் போனாள். கடுகடுத்த குரல். வீட்டில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அந்த நாத்தனாரைக்கூட.

எடைபோட்ட அன்றைக்கு நீலமும் வெள்ளையும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. நீலம் பச்சை வரிசை அளவுக்கு வரவில்லை, ஆனால் இலை நின்றிருந்தது, காய் பிடித்திருந்தது. டாக்டரம்மா ஓடி வந்து இவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காய்ந்த செடிகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள்.

அந்தப் பருவத்திலேயே தம்பி தோட்டத்தில் நாற்று நட்டார்கள். தெளிக்கிற அன்று இவளும் போயிருந்தாள். டாக்டரம்மா மருந்தைக் கலக்கிக் கொடுத்து, "இங்கயும் ஒரு வரிசையை மருந்தில்லாம விடணும். அப்போதான் உங்க மண்ணுல இது நிஜமாவே வேலை செய்யுதான்னு தெரியும்" என்றாள்.

தம்பி அக்காவைப் பார்த்தான். "நீயே சொல்லுக்கா, எதை விட்டுடலாம்? அந்த ஓரத்துல இருக்கிறதை விட்டுடுவோமா? அது எப்படியும் சொத்தையாத்தான் இருக்கு."

 இவள் வரப்போரமாக நடந்தாள். சொத்தை வரிசையைத் தாண்டினாள். நடுவில் ஒரு வரிசை, நாற்று ஒவ்வொன்றும் ஒரே உயரம், கொழுகொழுவென்று இருந்தது.

"சொத்தையை விட்டா மருந்து ஜெயிச்ச மாதிரி பொய்யாத் தெரியும்டா. இதுவும் மத்ததை மாதிரி நல்லா இருக்கணும்" என்றாள். "இதை விடு."

"இதையா? இருக்கிறதுல இதுதான்க்கா அழகா இருக்கு."

"தெரியும். இதை விடு."

தம்பி தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான். அவள் காட்டிய வரிசைக்கு வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுத் தாண்டினான், அடுத்ததில் மறுபடி அழுத்தினான். அவள் அந்த வரிசைத் தலைப்பில் நின்றுகொண்டிருந்தாள். செடிகளுக்கு என்ன தெரியும், கடல் காற்றுக்கு எல்லாம் ஒன்றுபோல அசைந்துகொண்டிருந்தன.